ஒரு கையெழுத்து குறைகிறது

— அப்போ இன்னைக்கும் மூக்குக்கண்ணாடி கிடைக்கலன்னுதான் சொல்லப் போறீங்க, மிஸ்டர் எஸ்டில்.

— கிடைச்சிருச்சு, லோரீன். ரொட்டி டப்பாவுக்குள்ள இருந்துச்சு.

— ரொட்டி டப்பாவுக்குள்ளயா?

— நாய் வேலைதான்.

— நாய் மூடியத் திறந்து, கண்ணாடிய உள்ள வச்சு, மறுபடி மூடிட்டுப் போயிடுச்சு...

— கெட்டிக்கார நாய். நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க? நாற்காலிய இழு. அது இல்ல, அதுக்குக் கால் ஆடும். உன் நாற்காலி.

— என் நாற்காலின்னு எழுதி வச்சிருக்கா?

— ரெண்டு மாசமா செவ்வாய்க்கிழமையானா அதுல நீதான் உக்கார்ற. எழுத வேற செய்யணுமா? காபி ஊத்தவா?

— முதல்ல கையெழுத்து. அப்புறம் காபி.

— முதல்ல காபி. சோள ரொட்டி காலையில சுட்டது. பீன்ஸ் அடுப்புல இருக்கு.

— ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிய சட்டியிலயா வேக வைப்பாங்க?

— சின்னச் சட்டிய... நாய் எங்கயோ வச்சிருச்சு.

— சிரிக்க வைக்காதீங்க. நான் கட்சி வேலையா வந்திருக்கேன்.

— அந்தக் கையெழுத்துத் தாள் அட்டைய முதல்ல மேசையில வை. ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டே உக்காந்திருக்க, யாரோ பிடுங்கிட்டுப் போற மாதிரி.

— இருக்கட்டும். பழகிடுச்சு.

— சரி, வேட்பாளரம்மா. உங்க கட்சியில இப்ப எத்தனை பேரு?

— மூணு.

— போன வாரமும் மூணுன்னுதான் சொன்ன. டெல்ஃபியா ஒஹையோவுல மக வீட்டுக்கே போயிட்டாளாமே? கடையில சொன்னாங்க.

— ...ரெண்டு.

— பர்லி? அவன் மச்சான் பையனுக்குக் கவுண்டி நிர்வாகத்துல ரோடு போடற வேலை கிடைச்சிருக்கு. அதுக்கப்புறமும் பர்லி உங்க கட்சிதானா?

— பீன்ஸ் அடிப்பிடிக்குது பாருங்க.

— பிடிக்கல. கூட்டம் இன்னும் அந்த சலவைக்கடையிலதான் நடக்குதா?

— வியாழக்கிழமை சாயங்காலம். என் துணியும் துவைச்ச மாதிரி ஆச்சு.

— யாரு தலைமை?

— நான்தான்.

— யாரு கேக்கறது?

— துணி காயற வரைக்கும் யாராவது ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட பேசுவேன். போன வியாழன் ஒரு அம்மா முழுசாக் கேட்டாங்க. கடைசியில, 'சில்லறை இருக்கா கண்ணு, மிஷினுக்கு வேணும்'னாங்க.

— கொடுத்தியா?

— கொடுத்தேன். கையெழுத்து கேட்டேன். பக்கத்துக் கவுண்டியாம், செல்லாது.

— அடக் கடவுளே...

— நீங்க சிரிக்கலாம். வீடு வீடா நடந்து பாருங்க, அப்பத் தெரியும். உள்ள டிவி ஓடற சத்தம் நல்லாக் கேக்கும். கதவத் தட்டினதும் நின்னுடும். நான் படியிறங்கி ரோட்டுக்கு வர்ற வரைக்கும் மூச்சுச் சத்தம்கூட வராது. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி டிவி.

— பயம்தான். நீ எதிர்த்து நிக்கற பாரிஷுக்குத் தெரிஞ்சா அவங்க வீட்டு முன்னாடி மட்டும் குளிர்காலத்துல பனி அள்ள வண்டி வராது.

— தெரியும். அவங்க மேல கோபமில்ல. ஆனா ஒரு வார்த்தை... 'வேண்டாம், லோரீன்'னு சொல்லிட்டாவது மூடலாம்ல? ஜூன்ல பள்ளிக்கூடம் மூடினா ஆகஸ்ட் வரைக்கும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட ஒரு ஆளில்ல. நான் பள்ளிக்கூட பஸ்ஸு ஓட்டற நாள்லயாவது இருபத்திரண்டு பிள்ளைங்க, 'மிஸ் லோரீன், இவன் கிள்றான்'னு கத்தும்.

— நான் கூப்பிடறேனே.

— கூப்பிடறீங்க. கையெழுத்துதான் போட மாட்டேங்கறீங்க.

— சர்க்கரை ரெண்டுதானே?

— ரெண்டு. புதுக் கப்பா இது?

— பழசுதான். செவ்வாய்க்கிழமை மட்டும்தான் நனையுது. அதான் பளபளன்னு இருக்கு. சொல்லு, எத்தனை பேரு வேணும், எத்தனை பேரு ஆச்சு?

— ஓட்டுச் சீட்டுல என் பேரு வரணும்னா நூறு வேணும். தொண்ணூத்தொம்பது ஆச்சு.

— போன செவ்வாயும் தொண்ணூத்தொம்பது. அதுக்கு முந்தின செவ்வாயும் தொண்ணூத்தொம்பது. காட்டு பாப்போம், யாரெல்லாம் போட்டிருக்கான்னு.

— அதெல்லாம் காட்டக் கூடாது. கவர்ல போட்டு ஒட்டியாச்சு.

— அப்போ என் கையெழுத்து?

— தனித் தாள். கடைசித் தாள்.

— கடைசி நாள் எப்போ?

— ...இன்னைக்கு. நாலு மணி வரைக்கும்.

— போன செவ்வாய்தான் கடைசின்னு முதல்ல சொல்லியிருந்த. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், பாரு.

— ஒரு வாரம் கூடுதலாக் கொடுத்திருக்காங்கன்னு அன்னைக்கே சொன்னேனே.

— சொன்ன. சாயங்காலம் ஆறு மணிக்கு சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து சொன்ன. அப்புறம் ஈரத்தோடயே ஒரு மணி நேரம் அடுப்பு முன்னாடி உக்காந்திருந்த. நாய்கூட பயந்து போய் உன் மடியில ஏறிப் படுத்துக்கிச்சு.

— மழை. களைப்பு. அவ்வளவுதான்.

— கவுண்டி ஆபீசுக்கு எப்பலேர்ந்து இவ்வளவு இரக்கம் வந்துச்சுன்னுதான் யோசிக்கறேன்.

— மிஸ்டர் எஸ்டில், மணி ரெண்டே முக்கால்.

— பாத்தேன், பாத்தேன். ஒரே ஒரு கேள்வி. கையெழுத்துப் போடறவன் கேக்கக் கூடாதா?

— கேளுங்க.

— பாரிஷ எதிர்த்து நின்னு என்ன பண்ணப் போற? பதினெட்டு வருஷமா அவன்தான் கவுண்டி சபையில. ரெண்டு பெரிய கட்சியும் அவன் வீட்டுலதான் விருந்து சாப்பிடுது. ஓட்டுச் சீட்டுல அவன் பேரு ஒண்ணுதான் இருக்கும்.

— அதான் நிக்கறேன். ஒரே பேரு இருந்தா அது தேர்தலா? ஜனங்க உள்ள போய் என்னத்தத் தேர்ந்தெடுக்கறாங்க? பாலத்துக்குப் பலகை மாத்தச் சொல்லி அவன்கிட்ட நாலு தரம் போனேன். நாலு தரம்! பாலத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைங்கள எல்லாம் இறக்கிவிட்டு, கையக் கோத்துக்கிட்டு நடந்து போகச் சொல்லிட்டு, வெறும் பஸ்ஸ ஓட்டிக்கிட்டுப் பின்னாடியே போறேன். காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ.

— தெரியும். பாக்கறேனே.

— பாக்கறீங்களா?

— ...வாசல்லேர்ந்து பாலம் தெரியுது. ஒரு ஆள் எங்கயாவது பாக்கணும்ல. பாரிஷ் என்ன சொன்னான்?

— 'பிடிக்கலன்னா எனக்கு ஓட்டுப் போடாத, லோரீன்'னான். சிரிச்சுக்கிட்டே. வேற யாருக்குப் போடறதுன்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சான்.

— ம்.

— அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணினேன். ஜெயிக்கறதுக்கு இல்ல. அவன் சீட்டப் பிரிச்சுப் பாக்கறப்போ கீழ இன்னொரு பேரு இருக்கணும். அதப் பாத்து ஒரு நிமிஷம் அந்தச் சிரிப்பு நிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

— நல்ல ஆசைதான்.

— அப்போ இந்தாங்க பேனா. பேரு, பிறந்த தேதி, விலாசம். விலாசத்துக்கு வீட்டு நம்பர் போடணும். தபால் பெட்டி நம்பர் எழுதிடாதீங்க.

— இந்தப் பள்ளத்தாக்குல எல்லாருக்கும் தபால் பெட்டிதானே? வீட்டு நம்பர் எவனுக்கு ஞாபகம் இருக்கு?

— எழுதக் கூடாதுன்னா எழுதக் கூடாது!

— அட... ஏன் கத்தற?

— ...மன்னிச்சிருங்க. வீட்டு நம்பர் எழுதுங்க. நாப்பத்தொண்ணு.

— என் நம்பர் உனக்கு நல்லாத் தெரியுதே?

— கதவுல இருக்கு.

— கதவுல இருந்தது விழுந்து மூணு வருஷம் ஆச்சு.

— ...யாரோ சொன்னாங்க. எழுதுங்க, மிஸ்டர் எஸ்டில். முதல் வாரம் யோசிக்கணும்னீங்க. அப்புறம் கட்சிக் கொள்கைய முழுசாப் படிக்கணும்னீங்க.

— படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த.

— ரெண்டு பக்கம். அதுக்கு மூணு வாரம். அப்புறம் கை சுளுக்கு.

— அது நிஜமான சுளுக்கு.

— இடது கை, மிஸ்டர் எஸ்டில்.

— வலி ரெண்டு பக்கமும் பரவிச்சு.

— அப்புறம் கண்ணாடி. இன்னைக்குக் கண்ணாடி இருக்கு, கை இருக்கு, பேனா இருக்கு. போடுங்க.

— லோரீன்...

— பேனா எழுதலையா?

— எழுதுது. மணி என்ன?

— மூணு அஞ்சு.

— ஆபீசுக்கு எவ்வளவு நேரம்?

— இருபத்தஞ்சு நிமிஷம்.

— அப்போ இனிமே நான் இழுக்கக் கூடாது. கேளு. என் கையெழுத்து உனக்கு உதவாது.

— என்ன சொல்றீங்க?

— எனக்கு ஓட்டு இல்ல.

— சொல்லுங்க.

— எழுபத்தேழுல சுரங்கத்துல வேலைநிறுத்தம் நடந்துச்சே, அப்போ கம்பெனி லாரி ஒண்ணு எரிஞ்சுது. உள்ள யாருமில்ல, நல்லாப் பாத்துட்டுத்தான்... தீக்குச்சி என்னுது. மூணு வருஷம் உள்ள இருந்தேன். கென்டக்கியில ஜெயிலுக்குப் போனவனுக்கு ஆயுசுக்கும் ஓட்டு கிடையாது. கவர்னர் மனசு வச்சு எழுதிக் கொடுத்தாத்தான் உண்டு.

— கேட்டுப் பாத்தீங்களா?

— ரெண்டு தடவ எழுதினேன். ஒரு பதிலும் இல்ல. தேர்தல் அன்னைக்குக் கடைக்குக்கூடப் போறதில்ல நான். 'போட்டாச்சா, எஸ்டில்?'னு எவனாவது கேப்பான்.

— ...காபி ஆறிடுச்சு உங்களுக்கு.

— ஆறட்டும். முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீ அடுத்த வீட்டுக்குப் போயிருப்ப. அதான் சொல்லல. வயசான காலத்துல கேவலமான வேலை.

— அடுத்த வீடு ரெண்டு மைல்.

— கேலி பண்ணாத.

— பண்ணல. எனக்குத் தெரியும், மிஸ்டர் எஸ்டில்.

— என்ன தெரியும்?

— வாக்காளர் பட்டியல் என்கிட்ட இருக்கு. இந்த ரோட்டுல முப்பத்தொம்பது இருக்கு, நாப்பத்திமூணு இருக்கு. நடுவுல நாப்பத்தொண்ணே இல்ல. முதல் நாள் வீட்டுக்குப் போனதும் பாத்துட்டேன். ஏன்னு தெரியாது. இல்லைன்னு தெரியும்.

— முதல் நாளேவா! அப்புறம் எதுக்கு ரெண்டு மாசமா என் உயிர வாங்கின?

— சோள ரொட்டி நல்லா இருந்துச்சு.

— விளையாடாத, லோரீன்! மணி மூணு பத்து ஆகப் போகுது. ஒரு கையெழுத்து குறையுதுன்னு தெரிஞ்சும் இங்க உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு... எழுந்திரு. பெட்ரோல் பங்க்குல ஹோபர்ட் இருப்பான். அவன் பேரு பட்டியல்ல நிச்சயம் இருக்கும். நான் சொன்னாப் போடுவான். என் வண்டியில போயிடலாம். சாவி... சாவி எங்க வச்சேன்?

— உக்காருங்க.

— நீ எழுந்திரு. போற வழிதான் பங்க். மூணரைக்கு அங்க, நாலுக்குள்ள ஆபீஸ். முடியும்.

— மிஸ்டர் எஸ்டில், அடுப்ப அணைச்சிட்டு உக்காருங்க.

— பீன்ஸ் கிடக்குது விடு! நீ ஜெயிக்க மாட்ட, அது எனக்கும் தெரியும். ஆனா சீட்டுல ரெண்டாவதா ஒரு பேரு வரும்ல? அவன் சிரிப்பு நிக்கும்ல? என்னாலதான் அது கெட்டுச்சுன்னு ஆக வேண்டாம். அப்புறம் நீ இந்தப் பக்கமே வராட்டியும் பரவால்ல. எழுந்திரு, பொண்ணே!

— அந்த நாலு மணி போன செவ்வாயே அடிச்சு முடிஞ்சிருச்சு.

— ...என்ன?

— உங்ககிட்டதான் தொண்ணூத்தொம்பதுன்னேன். நூத்திப்பதினாலு கையெழுத்து கொண்டு போனேன். மூணரை மணிக்கு. கவுண்டி ஆபீஸ் அம்மா சிவப்புப் பேனாவ எடுத்து ஒவ்வொரு வரியாப் பாத்தாங்க. இருபத்திமூணு பேரு தபால் பெட்டி நம்பர் எழுதியிருந்தாங்க. எல்லாத்தையும் அடிச்சாங்க. பக்கத்துல நின்னு எழுத வச்சவ நான்தான். நானும் பாக்கல. எனக்கே அதுதானே விலாசம்... தப்பாவே தோணல.

— மிச்சம்?

— தொண்ணூத்தொண்ணு. வெளிய வந்தேன். மழை. எங்க போறதுன்னு தெரியல.

— இங்க வந்த.

— இங்க வந்தேன்.

— அப்போ நவம்பர்ல...

— ஒரே பேருதான்.

— ஒரு வாரம் கூடுதலாக் கொடுத்தாங்கன்னு சொன்னது?

— பொய்.

— இந்தத் தாள்?

— பழசுல மிச்சம். எதுக்கும் ஆகாது.

— அப்போ இன்னைக்கு எதுக்கு, லோரீன்... இந்த வெயில்ல இதையும் தூக்கிக்கிட்டு...

— கையில அட்டை இல்லாம, என்னன்னு சொல்லி உங்க கதவத் தட்டுவேன்?