முக்கால் அங்குலம்

— “பத்தொன்பதாம் தேதி, செவ்வாய். இன்றைய தவறு: புதிய கஸ்டமருக்கு இடது தோளை வலது தோளைவிட முக்கால் அங்குலம் இறக்கி எழுதிவிட்டேன். டேப் நழுவியிருக்கும். நாளை மறுபடி அளக்க வேண்டும்.” நேத்து இப்படித்தான் சார் எழுதி வச்சிருக்கேன். அதான் இன்னொரு தடவை...

— அளவு நோட்டுல டைரியா எழுதறே?

— மாலை வகுப்புல தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்றாங்க சார். தனி நோட்டு வாங்க மறந்துட்டேன். அதுவும் தப்புதான். முந்தின பக்கத்துல இருக்கு.

— நல்ல கடைக்குத்தான் வந்தேன்! தையல் பழகி எத்தனை நாளாச்சு?

— எட்டு மாசம். வயித்தை உள்ளே இழுக்காதீங்க சார், சாதாரணமா நில்லுங்க... முக்கால். இப்பவும் முக்கால்தான் வருது.

— அதுக்குத்தானே வந்தேன்? ரெடிமேட் கோட்டுல இந்தத் தோள் பல்லைக் காட்டுது. உள்ளே பஞ்சு வச்சு நேராக்கு. வெளியே தெரியவே கூடாது... ஆ! ஊசி!

— ஐயோ, மன்னிச்சிடுங்க சார். இதையும் எழுதிடறேன். இப்போ கண்ணாடியில பாருங்க.

— ம்... இப்பதான் நான் நானா இருக்கேன். சீக்கிரம் தை. ரெண்டு மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும். பேன்ட் எங்கே?

— கால் மடிப்பு பிரிஞ்சிருந்துச்சு. இந்தக் கடை வச்சிருக்கிற என் சித்தி தச்சுத் தரேன்னு எடுத்துட்டுப் போனாங்க.

— மேலே கோட்டு, டை. கீழே அரை டிராயர். எத்தனை நேரம் இப்படியே நிக்கறது?

— திரையை நல்லா இழுத்து விட்டிருக்கேன் சார். எனக்கும் அவசரம்தான். நாலு மணிக்கு அம்மாவைப் பார்க்கப் போகணும்.

— ஆஸ்பத்திரியா?

— ஜெயில்.

— ஜெயிலா?

— திரும்பாதீங்க, முதுகுல ஊசி இருக்கு. அம்மா பேங்க்ல கிளை மேனேஜர் சார். நாலு நாட்டுல பேங்க் வச்சிருந்த முதலாளியைக் காணோம்னு தேடறாங்களே... அவரோட பேங்க்தான். இல்லாத கம்பெனிக்கெல்லாம் கடன் குடுக்கச் சொல்லி அவரே நேர்ல வந்து நின்னாராம். அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— படிச்சவங்கதானே? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம். அம்மாவும் தினம் அதையேதான் சொல்லி அழறாங்க. அந்தாளு பிடிபட்டா பாதி பாரம் இறங்கும்னு வக்கீல் சொல்றார். இல்லேன்னா மொத்தமும் அம்மா தலையிலதான்.

— அவன் எதுக்கும்மா பிடிபடணும்? பேங்க் நல்லா நடந்தப்போ அவன் தோள்மேல கை போட்டுப் படம் எடுத்துக்கிட்டவன்ல ஒருத்தனையாவது தேடறாங்களா? அவன் இல்லேன்னா உங்கம்மாவுக்கு அந்த நாற்காலியே கிடையாது!

— கோபப்படாதீங்க சார். தோள் ஏறி இறங்கினா பஞ்சு நழுவிடும்.

— சரி, சரி. சீக்கிரம் முடி.

— எனக்கு என் மேலயே நம்பிக்கை கிடையாது. அதான் காலையில சித்திகிட்ட நோட்டைக் காட்டினேன். “நீ எழுதினது சரிதான்டி”ன்னாங்க. பரண்லேருந்து ஒரு பழைய அளவு நோட்டை இறக்கினாங்க. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் முதல் பேங்க் திறக்கப் போறேன்னு கோட்டு தச்சிருக்கார். இடது தோள் முக்கால் இறக்கம். பஞ்சு வெளியே தெரியக் கூடாதுன்னு அடிக்கோடு வேற.

— தோள் இறங்கினவன் ஊர்ல ஆயிரம் பேர் இருப்பான்.

— இருப்பாங்க. நானும் அதையேதான் சொன்னேன். அப்புறம் சித்தி திரை ஓரமா உங்களைப் பார்த்தாங்க.

— ... பதினாறு வருஷமாச்சு, மறந்திருப்பாங்கன்னு நினைச்சேன்.

— மொட்டை, தாடி, கண்ணாடி... எல்லாம் பண்ணீங்க. பேசாம அந்த ரெடிமேட் கோட்டை அப்படியே போட்டுட்டுப் போயிருக்கலாமே சார்?

— தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டா? நானா? சரி, நான்தான். என்ன பண்ணிடுவே? நாலு நாட்டுப் போலீஸுக்குத் தண்ணி காட்டினவனை அளவு டேப்பை வச்சு மிரட்டறியா?

— மிரட்டலை சார். அளவு சரியான்னுதான் பார்த்தேன்.

— கேட்டுக்கோ. கோர்ட்டுல நிறுத்தினாலும் நான் அவன் இல்லேன்னுதான் சொல்வேன். பாஸ்போர்ட்ல பேர் வேற. முகம் வேற. பேப்பர்ல வந்த எந்தப் படத்துலயாவது அவன் தோள் இறங்கியிருக்கா?

— இல்லை. எல்லாத்துலயும் நேராத்தான் இருக்கு.

— அப்புறமென்ன? பேன்ட்டைக் கொண்டா. பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு.

— தெரியும் சார். பின்பாக்கெட்டுல.

— ... மெஷின் சத்தமே கேட்கலையே. உன் சித்தி எங்கே?

— கொஞ்சம் அசையாம நில்லுங்க சார், இந்த ஊசியை எடுத்துடறேன்.

— உன்னைத்தான் கேட்கறேன்!

— தெருமுனையில போலீஸ் ஸ்டேஷன் இருக்கு சார். உங்க பேன்ட்டையும் பழைய நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போய் அரை மணி ஆச்சு. கால் மடிப்பு பிரியவே இல்லை.

— அடிப்பாவி! இப்படியே நடந்து போயிடுவேன், பார்க்கறியா?

— போங்க சார். கதவு திறந்துதான் இருக்கு. எதிர்ல பஸ் ஸ்டாண்டு. நிறைய கூட்டம்.

— ... அது ஜீப்பா?

— ஆமா சார்.

— வரட்டும்! எவனுக்குப் பயம்? நீ இந்தக் கோட்டை முடிச்சு வை. கோர்ட்டுக்கு இதைத்தான் போட்டுக்கிட்டுப் போவேன். தலை நிமிர்ந்து போவேன். எழுதிக்கோ!

— எழுதறேன் சார். “இருபதாம் தேதி, புதன். நேற்று எழுதிய அளவு சரி. இன்றைய தவறு: கஸ்டமரிடம் ஒரு பொய் சொன்னேன். நாளைய வேலை: கோட்டின் இடது தோளில் இருக்கும் பஞ்சைப் பிரித்து எடுக்க வேண்டும். பத்து மணிக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும்.”