நாய்க்கு வைத்த பெயர்

பிற்பகல் மூன்று மணி. ஜனவரிக் கடைசி. வடதுருவக் குளிர்காலம், சூரியனே எழாத கும்மிருட்டு...

சாட்டுட் தீவிலிருந்து உம்மன்னாக் ஊருக்குத் திரும்புகிற கடல்பாதை. உறைந்து கிடக்கும் கடலில் சறுக்குவண்டித் தடம் ஒன்றுதான் வழி. முன்னும் பின்னும் ஓர் ஆள் கிடையாது.

அந்தக் கதவை இழுத்துச் சாத்துங்கள். காற்று உள்ளே வருகிறது. எல்லோரும் அடுப்புப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். இது நம் ஹன்சியின் அக்கா கணவன் சாலிக்குக்கு நடந்தது.

சாலிக் கைடு. பன்னிரண்டு நாய்கள், ஒரு வண்டி. அதே இடத்தில் கில்லாக்கும் கைடு. சாலிக் அழைத்துப்போன பயணிகள் இறங்கும்போது நன்றி சொல்வார்கள். கில்லாக் அழைத்துப்போனவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுவார்கள். ‘அடுத்த வருஷமும் கில்லாக் இருந்தால்தான் வருவோம்’ என்பார்கள்.

அது போதாதென்று, சாலிக்கின் மனைவி பனீராக் கல்யாணத்துக்கு முன் இரண்டு பனிக்காலம் கில்லாக்கோடு சுற்றியவள். அவள் சும்மா ஜன்னல் வழியே பார்த்தாலும், எந்த வண்டியைப் பார்க்கிறாள் என்று சாலிக் எட்டிப் பார்ப்பான்.

டிசம்பர் முதல் வாரம் புதுப் பனி உடைந்து கில்லாக் கடலுக்குள் போய்விட்டான். நாய்கள் வீடு வந்தன. அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

சாலிக்குக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவன் வயிறு முட்டச் சாப்பிட்டான். பனீராக் தட்டைத் தொடவில்லை. அதையும் அவன் பார்த்தான்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு பனீராக்குக்கு ஆண் குழந்தை பிறந்தது.

செத்தவன் பெயர் அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குப் போகவேண்டும். போகிறவரை அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்களுக்குத் தெரியாததா? கில்லாக்கின் அம்மா ரெகீனா ஒரு கட்டுக் கருவாட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் கண் கலங்கியது.

“என் மகன் வந்துட்டான். எங்கிட்ட குடு பனீராக்.”

“யாரு உன் மகன்?” சாலிக் குறுக்கே வந்து நின்றான். “இது என் புள்ள, அத்தை. அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள வராது.”

“பேரு என்னடா பண்ணிச்சு உன்னை?”

“உசுரோட இருந்தப்ப ஊரே அவனைக் கொஞ்சிச்சு. செத்த பிறகு என் பொண்டாட்டி என் எதிரிலயே கொஞ்சணுமா? மடியில வெச்சு?”

“சாலிக்...” என்றாள் பனீராக் படுக்கையிலிருந்து.

“நீ பேசாதே!”

ரெகீனா குரலை உயர்த்தவில்லை. “அந்தப் பேரு வெளியில குளிர்ல நிக்குதுடா. பாவம். எங்கதான் போகும்?”

“அவ்வளவுதானே? இடம் நான் குடுக்கறேன் வா.”

விறுவிறுவென்று வெளியே போனான். சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய்களில் கடைசியாக ஒரு சாம்பல் குட்டி. எதற்கும் உதவாதது. வண்டியில் பூட்டினால் பின்னாலேயே ஓடும். அதன் காதைப் பிடித்துத் தூக்கினான்.

“இதான் இனிமே கில்லாக்! கேட்டுக்கோங்க எல்லாரும்!”

தெருவில் நின்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டார்கள். ரெகீனா மட்டும் போகவில்லை. மெல்ல நடந்து வந்தாள். பனியில் மண்டியிட்டாள். கருவாட்டைப் பிய்த்து நீட்டினாள்.

“சாப்பிட்டியாடா கண்ணு?”

நாய் கருவாட்டைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது...

மறுநாளிலிருந்து சாலிக்குக்குக் கொண்டாட்டம். “கில்லாக், இழுடா நாயே! கில்லாக், எச்சைக்கு அலையறவனே!” சாட்டை வீச்சுக்கு ஒரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டு விளாசினான். மொழி தெரியாத பயணிகள் சிரித்தார்கள். தெரிந்த கைடுகள் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள்.

ஆனால் நாய்...

ஒரே வாரத்தில் அது முன்னுக்கு வந்தது. இரண்டாவது வாரம் மற்றப் பதினோரு நாய்களும் அதன் பின்னால். மெல்லிய பனி எங்கே என்று அதற்குத் தெரிந்தது. பயணிகள் அதைத்தான் கட்டிப்பிடித்தார்கள். அதோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். “கில்லாக்! கில்லாக்!” என்று சாப்பாட்டை ஊட்டினார்கள்.

வீட்டிலும் அதே கதை. நாய்களுக்கு சீல் மாமிசம் போடப் போன பனீராக் நேரமாகியும் திரும்பவில்லை. சாலிக் எட்டிப் பார்த்தான். அந்த நாயின் எதிரே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அவனிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று!

அந்த எரிச்சலோடுதான் ஜனவரிக் கடைசியில் ஒரு வயதான டேனிஷ் தம்பதியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். திரும்பும் வழி. மூன்று மணி.

முன்னால் ஓடிய சாம்பல் நாய் சட்டென்று நின்றது.

சாலிக் இறங்கினான். கடப்பாரையால் பனியைக் குத்திப் பார்த்தான். டங்... டங்... கெட்டிப் பனி. பயமே வேண்டாம். சாட்டையைச் சுழற்றினான். நாய் அசையவில்லை.

தோல்போர்வைக்குள்ளிருந்து அந்தக் கிழவி கொஞ்சலாகக் கூப்பிட்டாள். “கில்லாக்...”

நாயின் வால் ஆடியது.

அவ்வளவுதான். சாலிக்குக்குக் கண் இருண்டது. கத்தியை உருவினான். முன்நாயின் கயிற்றை ஒரே வெட்டு.

“போடா! இங்கயும் உன்னைத்தான் கூப்பிடணுமா? செத்தவன் ஒழுங்கா செத்துப் போ!”

நாய் திரும்பி அவனைப் பார்த்தது. பிறகு நடந்தது. லாந்தர் வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள்... முதலில் நான்கு கால் ஓசை. பிறகு, சரக்... சரக்... இரண்டே காலின் ஓசை. பூட்ஸ் போட்ட கால்.

பதினோரு நாய்களும் ஒன்றாக எழுந்தன. வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது.

“ஏய்! நில்லு! நில்லுங்கடா!”

நிற்கவில்லை. பயணிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாந்தர் புள்ளியாகி அணைந்தது. காலுக்கடியில் கடல் ஒருமுறை முனகியது. சாலிக் தனியாக நின்றான்.

ஐந்து மணி நேரம் நடந்தான். புருவமெல்லாம் பனி கட்டிவிட்டது. ஊருக்குள் நுழைந்தபோது அவனுடைய நாய்கள் சங்கிலியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. எண்ணினான். பன்னிரண்டு. சாம்பல் நாயும் இருந்தது, கழுத்தில் அறுபட்ட கயிறோடு.

“கில்லாக்...” என்றான் மெதுவாக.

அது காதைக்கூட அசைக்கவில்லை. பழைய உதவாக்கரைக் குட்டியாக வாலை இடுக்கிக்கொண்டு படுத்திருந்தது.

விடுதி வாசலில் அந்த டேனிஷ் கிழவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க இன்னொரு கைடு பிரமாதம்பா! வழி பூரா நாய்களுக்கு முன்னாடியே ஓடினாரு. ஒரு தடவைகூடத் திரும்பலை. ஆனா தொப்பி போடச் சொல்லுங்க... தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். அடுத்த வருஷமும் எங்களுக்கு அவரையே அனுப்புங்க, என்ன?”

சாலிக் கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

கதவு திறந்தே இருந்தது. விளக்கடியில் பனீராக் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரெகீனா. யார் அவளைக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. பனீராக்கின் மடியில் குழந்தை. ஒன்றரை மாதக் குழந்தை... அதன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“குளிப்பாட்டினியா?” என்றான் சாலிக்.

“இல்ல.” அவள் நிமிரவில்லை. “கொஞ்சம் முன்னாடிதான் இப்படி ஆச்சு. நாலு துண்டு மாத்திட்டேன். காயவே மாட்டேங்குது.” குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். “எவ்வளவு தூரம் வந்திருக்கே கில்லாக்...”

இந்த முறை சாலிக் குறுக்கே வரவில்லை.

பையனுக்கு இப்போது நான்கு வயது. ஜூலை மாதம், நாள் முழுக்க வெயில். அப்போதும் அந்தத் தலை காய்வதில்லை என்கிறான் ஹன்சி. துவட்டிவிடுவது சாலிக்தான். வேறு யார் தொட்டாலும் பையன் விடமாட்டானாம்.

துவட்டி முடித்ததும் சாலிக் துண்டை வாசலில் காயப்போடுவான். காய்ந்த பிறகு உதறுவான்...

உப்புக் கொட்டும்.