பலகை நடாத வீடு

— அந்த வீடு விக்காததுக்குக் காரணமே அந்தச் சமையலறைதான், மார்வா. படத்தப் பாத்தாலே பசி போயிரும்.

— உருளைக்கிழங்க உரிச்சுக்கிட்டே பேசு, லெஸ்டர். உன் கை நின்னா சூப்பும் நிக்கும்.

— உரிக்கிறேன். நீ காதுல வாங்கு. ஆறு மாசம் ஏஜெண்டு கையில இருந்திருக்கு, ஒருத்தனும் சீண்டல. நேத்தோட அவன் கெடு முடிஞ்சு போச்சு. இப்ப வீட்டுக்குச் சொந்தக்காரங்க மனசு எப்படி இருக்கும்? விட்டாப் போதும்னு இருக்கும். அந்த நேரத்துல போய்க் கதவத் தட்டறவன்தான் தொழில்காரன்.

— கெடு முடிஞ்ச வீட்டுப் பட்டியலெல்லாம் லைசன்ஸ் வச்சிருக்கிற ஏஜெண்டுங்க கண்ணுக்குத்தானே தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— ஏஜெண்டு ஆபீஸ்ல இருக்கானே கிளைட், அவன் காட்டினான்.

— ஒரு டப்பா டோனட்டுக்கா?

— ரெண்டு டப்பா. அப்பவும் வீட்டு நம்பர விரலால மறைச்சுக்கிட்டுத்தான் படத்தக் காட்டினான். லைசன்ஸ் போயிருமாம். நமக்கு அந்தக் கவலை உண்டா? இல்லாதது எப்படிப் போகும்? அதுதான் நம்ம பலம்.

— அந்தப் பலத்த ரெண்டு வருஷமா பாக்கறேனே. டொலிடோ ஊர் முழுக்க, வீட்டு வாசல் புல்தரையில 'விற்பனைக்கு'ன்னு நட்ட பலகையப் புடுங்கின குழியத் தேடித் திரிஞ்சதுதான் மிச்சம். போன மாசம் ஒரு குழியப் பாத்துட்டுப் போய்க் கதவத் தட்டினியே, அது என்ன ஆச்சு?

— அது நாயப் பொதச்ச குழி. யானைக்கும் அடி சறுக்கும்.

— அந்தம்மா அழுதுக்கிட்டு நிக்கறப்ப என்ன விலைன்னு கேட்டிருக்கே.

— கேட்டது முன்னாடி. அழுதது அப்புறம்.

— சரி, துரை. கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு வீடாவது முடிக்கலன்னா எங்கண்ணன் டயர் கடைக்கே போயிடறேன்னு சொன்னது நீதான். ஞாபகம் இருக்கட்டும்.

— இது முடிஞ்சுரும் பாரு. பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. வீடு நம்ம தெருவுல. எல்டர் தெருன்னு கிளைட் வாயிலேருந்தே புடுங்கிட்டேன். காலையில ரெண்டு தரம் நடந்து பாத்தேன், ஒரு வாசல்லயும் குழி இல்ல. பலகையே நடல போல.

— பலகை நடாம வீட்ட விக்கறதுன்னா என்ன அர்த்தம்?

— உள்ள யாரோ வாடகைக்கு இருக்காங்க, அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அர்த்தம். வித்து முடிச்சுட்டு, காலி பண்ணுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. பாவம், எந்த ஏமாளிங்களோ.

— அந்தச் சமையலறை எப்படி இருந்துதுன்னு சொன்னே?

— பழைய படம். சுவரெல்லாம் நீலம். ஜன்னல் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. மேல ஒரு கண்ணாடி விளக்கு, திராட்சக் கொத்தாட்டம். எந்த ரசனை கெட்டவன் மாட்டினானோ.

— லெஸ்டர், தலையத் தூக்கு.

— எதுக்கு?

— தூக்கிப் பாரு. பாத்தியா? இப்ப ஜன்னலப் பாரு.

— மார்வா, இது நம்ம விளக்கு.

— நாம குடி வந்தப்ப இந்தச் சுவத்துக்கு நீதான் மஞ்சள் அடிச்சே. அதுக்கு முன்னாடி நீலம்.

— நம்ம வீட்டுக்கார ஹாலோவே அம்மாவா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா? இருக்காது. வீட்டப் பாக்க யாருமே வரலியே.

— சனிக்கிழமைதோறும் வந்தது யாரு?

— அவங்க இன்ஷூரன்ஸ்காரங்க.

— கைக்குழந்தையோட வந்து, துணி அலமாரிய அளந்து பாத்து, தோட்டத்துல ஊஞ்சல் போடலாமான்னு கேட்ட இன்ஷூரன்ஸ்காரங்க.

— கறாரான கம்பெனின்னு நெனச்சேன். ஐயோ, அவங்ககிட்ட வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி வச்சேனே.

— என்ன சொன்னே?

— பனி உருகினா நிலவறையில முழங்கால் மட்டும் தண்ணி நிக்கும்னு சொன்னேன். சரக்கு ரயில் போனா கோப்பையெல்லாம் ஆடும்னேன். ஒரு பொண்ணு நம்பல. கூரைய நீங்களே ஏறிப் பாருங்கன்னு ஏணியப் புடிச்சுக்கிட்டேன்.

— ஏறினாளா?

— ஏறினா. இறங்கி நேரா காருக்குப் போயிட்டா.

— அப்ப வீடு விக்காததுக்குக் காரணம் சமையலறை இல்ல.

— சிரிக்காத, மார்வா. எனக்குப் பயமா இருக்கு. வேற ஏஜெண்டப் பாத்து மறுபடி போடுவாங்க. இந்தத் தடவை யாராவது வாங்கிருவாங்க. அஞ்சு வருஷத்துல மூணு வீடு மாறினோம். இனிமே பெட்டி கட்ட என்னால முடியாதுன்னு நீ படியில உக்காந்து அழுதியே, அது இன்னும் என் மனசுல கெடக்கு.

— அழுதேன். இப்ப என்ன பண்ணப் போறே?

— இரு. வீட்டுக்காரி சலிச்சுப் போயிருக்காங்க. நான் போய்ப் பேசறேன். அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கறேன். அத அப்படியே இன்னொருத்தனுக்குக் கை மாத்தி விட்டா, நடுவுல நமக்கு ஒரு தொகை.

— வாங்கினவன் வந்து என்ன பண்ணுவான்?

— உள்ள இருக்கறவங்களக் காலி பண்ணச் சொல்லுவான்.

— யாரை?

— நம்மள.

— தன் தலையில தானே மண்ணப் போட்டுக்கிட்டு, அதுக்குக் கமிஷனும் வாங்கறவன இப்பத்தான் பாக்கறேன்.

— அப்ப நாமதான் வாங்கணும். எனக்கு எந்த பாங்குக்காரன் கடன் கொடுப்பான்? விடு. நாளைக்கே உங்கண்ணன் கடைக்குப் போறேன். உன்னையும் பிள்ளையையும் தெருவுல நிறுத்திட்டேன், மார்வா.

— கத்தியக் கீழ வச்சுட்டு இங்க பாரு. வர்றவங்க இன்ஷூரன்ஸ்காரங்கன்னு உனக்கு யார் சொன்னது?

— நீதான்.

— நான் கடைக்குப் போயிட்டு வரேன், நீயே வீட்டச் சுத்திக் காட்டுன்னு சனிக்கிழமையானா சொல்லிட்டுப் போனது?

— அதுவும் நீதான். இரு, உனக்கு முன்னாடியே தெரியுமா?

— ஹாலோவே அம்மா என்கிட்டயும் இன்ஷூரன்ஸ்னுதான் சொன்னாங்க. முதல் ஆள் வந்தப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த வீட்டோட குறைய உன்ன மாதிரி விலாவாரியா எடுத்துச் சொல்ல இந்த ஊர்லயே ஆள் கிடையாது. நீ சொல்லச் சொல்ல விலை இறங்கிக்கிட்டே வந்துது.

— அதுக்கு?

— பள்ளிக்கூட பஸ் ஓட்டற எனக்கு எவ்வளவு கடன் கொடுப்பீங்கன்னு பாங்குல முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன். காலையில நீ தெருவுல குழி தேடிக்கிட்டு இருந்தப்ப, நான் போய் ஹாலோவே அம்மா கதவத் தட்டினேன். வீட்ட வாங்கற ஒப்பந்தத்துல கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே நம்ம வீட்டப் பத்தி வெளியாள்கிட்ட குறை சொல்லாத.