கல்லில் எண் இருக்கும் பக்கம்

துணி துவைக்க நல்ல கல் இந்த சைகோனில் லேசில் கிடைக்காது, தம்பி. தோண்டினால் சேறு, இன்னும் தோண்டினால் தண்ணீர். அதனால்தான் எங்கள் வாப்பா அந்தக் கல்லை வுங் டாவ் பாதையிலிருந்து லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கிலோமீட்டர் கல் அது. சண்டைக் காலத்தில் சாலையை வேறு பக்கமாக அகலமாய்ப் போட்டபோது பழைய பாதையின் கற்களைக் கேட்பார் இல்லை. எண் வெட்டிய முகம் அடியில் போகும்படி, வழவழப்பான முதுகு மேலே வரும்படி, முற்றத்துக் குழாயடியில் கிடத்தினார். உம்மா அதில் துவைத்தார்கள். உம்மா மவுத்தான பிறகு என் தங்கை ஜெய்த்தூன் துவைத்தாள். அவள் கை பட்டுப் பட்டு நடுவில் ஒரு குழியே விழுந்துவிட்டது.

வந்ததும் வராததுமாக அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டீர்கள். பாரிஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர், உங்கள் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா, எப்படி மவுத்தானார் என்று கேட்பீர்கள் என நினைத்தேன். பரவாயில்லை, இரண்டும் ஒரே விஷயம்தான். உட்காருங்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஜெய்த்தூன் படுத்திருக்கிறாள். மதியத்தில் இந்நேரம் தூங்கிவிடுவாள்.

உங்கள் காக்கா மீரா சாகிப் நல்ல மனுஷர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபத்தைந்தில் ஊர் கைமாறியபோது நம் ஆட்கள் எல்லாரும் பிரெஞ்சுக் காகிதத்தைக் காட்டி விமானம் ஏறினார்கள். எங்கள் இருவருக்கும்கூடக் காகிதம் இருந்தது. நான்தான் போகவில்லை. எனக்கு இந்த வீடு பழகிவிட்டது. ஜெய்த்தூனுக்குப் போக ஆசை இருந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் அழுதாள், அவ்வளவுதான். பிறகு எனக்குச் சோறாக்கவும் துவைக்கவும் பொழுது சரியாகிவிட்டது. பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒருவன் குள்ளம், ஒருவனுக்குச் சீட்டாட்டம். நானே பார்த்து அனுப்பிவிட்டேன்.

பல வருஷம் கழித்து ஊர் திறந்துவிட்டது. பிரான்ஸிலிருந்து நம் பிள்ளைகள் பழைய வீடுகளைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். என்னிடம் ஒரு கிழட்டு பெஷோ கார் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டினேன். அப்படித்தான் உங்கள் காக்கா வந்தார். மற்றவர்கள் கபர்ஸ்தானையும் கடைத்தெருவையும் காட்டச் சொல்வார்கள். இவர், கார் பந்தயம் ஓடிய பாதையைக் காட்டச் சொன்னார்.

உங்களுக்குத் தெரியாததா. மோட்டார் என்பதே அதிசயமாக இருந்த காலத்தில் துரைமார்கள் சைகோனிலிருந்து வுங் டாவ் கடற்கரை வரை பந்தயம் விட்டார்களாம். காரைக்காலிலிருந்து வந்த உங்கள் பாட்டனார் ஒரு துரைக்கு மெக்கானிக். துரை ஓட்ட, இவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வழி நெடுகக் கையால் எண்ணெய்ப் பம்பு அடித்துக்கொண்டே போவாராம். துரை பெயர் பேப்பரில் வந்தது. பம்பு அடித்தவர் பெயர் எங்கும் வரவில்லை. "அவுஹ போன மண்ணுலெ ஒரு தடவெ நிக்கணும் நானா, அது போதும்" என்பார் உங்கள் காக்கா. ஜெய்த்தூனைப் பார்த்து அவரும் என்னை அண்ணனாக்கி நானா என்றே கூப்பிட்டார். ஐம்பது வயசு, பெண்டாட்டியை இழந்தவர், பேச்சு மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி.

நாங்கள் இருவரும் அந்தப் பாதையைத் தேடி அலைந்தோம். இடிந்த பாலத்தின் தூண்கள், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே காரணமில்லாமல் வரிசையாக நிற்கும் புளியமரங்கள், புல்லுக்கு அடியில் செம்மண் கொட்டி இறுகிக் கிடக்கும் தரை. ஆனால் முழுசாக ஒரு கிலோமீட்டர் கல் அகப்படவில்லை. எல்லாம் உடைசல். உடைசலைக்கூட விட மாட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லின் எண் முன்னால் தெரிய வேண்டும், பின்னால் பாதை நீளமாக ஓட வேண்டும், அப்படித்தான் படம் எடுப்பார். காமிராவில் கண்ணை வைத்தபடி பின்னாலேயே நடந்து போவார். இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்திருக்கிறார். நானும் ஜெய்த்தூனும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

தினமும் எங்கள் முற்றத்துக் கல்லின் பக்கத்தில்தான் கை கழுவினார். அடியில் எண் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். ஊருக்குப் புறப்படும் அன்று புரட்டிக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். அது சத்தியம்.

அதற்குள் ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"நானா, தப்பா நெனக்காதீங்க. ஜெய்த்தூனெ எனக்கு நிக்காஹ் பண்ணித் தருவீங்களா? பாரிஸுக்குக் கூட்டிப் போயி நல்லா வச்சுக்கிறேன்."

"அவள்ட்ட கேட்டீங்களாங்கனி?"

"கேட்டேன். நானா சொன்னா சரின்னு சொல்லுச்சு."

கவனித்தீர்களா தம்பி, அவள் போகிறேன் என்று சொல்லவில்லை. நானா சொன்னால் சரி என்றாள். முடிவை என்னிடம் விட்டுவிட்டாள். அவள் விட்ட முடிவைத்தான் நான் எடுத்தேன். நேரடியாக முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவள் மனசு நோகும். உங்கள் காக்கா மனசும் நோகும். யாரையும் முகத்துக்கு நேரே நோகடித்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் மகிழ்ச்சி என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு ஜெய்த்தூன் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வழியில் பா ரியா ஊருக்கு முன்னால், ரப்பர் தோட்டம் தாண்டி, பழைய பாதையில் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது. மாடு போகும், ஆள் போகலாம். பாதையின் ஒரு ஓரத்தோடு முன்பு பட்டாளத்து முகாம் இருந்தது. அந்தப் பக்கம் கண்ணிவெடி. சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். மண்டையோடு போட்ட பலகைகூட இருந்தது. அதை நான் சாய்க்கவில்லை. முன்பே விழுந்து புல்லில் குப்புறக் கிடந்தது. நான் நிமிர்த்தவில்லை, அவ்வளவுதான்.

ஜெய்த்தூன் சந்தைக்குப் போயிருந்தபோது கல்லைப் பெயர்த்தேன். தெருவில் நின்ற வண்டிக்காரன் ஒரு கை கொடுத்தான். காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், அந்தப் பாதை ஓரத்தில் இறக்கி நட்டேன். வாப்பா எடுத்து வந்த சாலைக்கே திருப்பிக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒன்றே ஒன்றுதான் செய்தேன். எண் இருக்கும் முகத்தை முகாம் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன். முதுகு பாதையைப் பார்த்தது. மற்றதை அவருடைய காமிரா பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம கல்லு எங்கெ நானா?"

"பள்ளிவாசல் படிக்கு வேணுமுன்னாங்க, குடுத்துட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்தெ சொல்லலியே," என்றாள். அப்புறம், "சரி, நான் போன பெறகு ஒங்களுக்கு யாரு தொவைக்கப் போறா, அங்கெயாச்சும் ஒதவட்டும்" என்று தானே சமாதானம் ஆனாள். நான் போன பிறகு. எவ்வளவு சுளுவாகச் சொன்னாள் பாருங்கள்.

மறுவாரம் போனோம். நான் அவளைக் கூப்பிடவில்லை. உங்கள் காக்காதான் வற்புறுத்தினார். கோழிப் புளியாணம் ஆக்கிக் கொண்டுவந்து, ரப்பர் மரத்தடியில் பாய் விரித்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் பாதையில் நடந்தோம். கல்லைக் கண்டதும் அவர் ஓடினார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து எண்ணைத் தடவினார். அழுதார், தம்பி. சத்தமாகவே அழுதார். அந்த மகிழ்ச்சியை அவருக்கு நான்தான் கொடுத்தேன், அதை யாரும் மறக்கக் கூடாது. பிறகு கண்ணைத் துடைத்து, காமிராவைக் கண்ணில் வைத்து, பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

அப்போது ஜெய்த்தூன் சாப்பிடக் கூப்பிட வந்தாள். பாதையிலிருந்து பார்த்தால் கல்லின் முதுகுதானே தெரியும். அதை நான் யோசிக்கவில்லை. கல்லைத் தேடுகிறவன் எண்ணைத்தான் பார்ப்பான் என்று மட்டும் யோசித்திருந்தேன். அவள் குனிந்து குழியில் உள்ளங்கையை வைத்தாள், துவைக்கும்போது வைப்பதுபோல. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்ப்பது தெரிந்து சிரித்தேன்.

"நில்லுங்க, அப்படியெ நில்லுங்க" என்று கத்திக்கொண்டு அவரைப் பார்த்து ஓடினாள். படத்தில் தானும் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாள். அவருடைய சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். அவர் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அவர் உயிர் உடனே போகவில்லை. தண்ணீர் கேட்டார். உள்ளே இறங்க முடியாதே, பாதையில் நின்றே பேச்சுக் கொடுத்தேன். "ஜெய்த்தூன்?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். நிம்மதியாகத்தான் கண்ணை மூடினார். மாடு மேய்க்கிறவர்கள் வந்து, அவர்களுக்குத் தெரிந்த தடத்தில் போய் இவளைத் தூக்கி வந்தார்கள். போலீஸ் வந்தது, எழுதியது, போனது. இப்படி எத்தனையோ நடக்கிற ஊர். திரும்பும்போது கல்லை வண்டியில் ஏற்ற ஒரு போலீஸ்காரரே உதவினார். நல்ல கல், அதை ஏன் வீணாக்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மெதுவாகச் சொல்கிறேன், கிட்டே வாருங்கள். அங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவர். இடது கால் போய்விட்டது, வலது காலைக் காப்பாற்றலாம், உடனே சைகோனுக்குக் கொண்டுபோங்கள் என்றார். என் கார் வாசலில்தான் நின்றது. பெட்ரோலும் இருந்தது. நான் யோசித்தேன். ஒற்றைக் கால் இருந்தால் கட்டை வைத்து நடப்பாள். நடக்கிறவள் ஒருநாள் நடந்து போய்விடுவாள். வழி தாங்காது டாக்டர், இரண்டையும் இங்கேயே எடுத்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். இது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

நான் பார்த்துக்கொள்வதுபோல யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. நானே தூக்கிக் குளிப்பாட்டுகிறேன், நானே ஊட்டுகிறேன். சக்கர நாற்காலி தருகிறோம் என்று வந்தார்கள். வாசல் குறுகல், வேண்டாம் என்றுவிட்டேன். இதுவரை அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தக் கல்லை என் கட்டிலுக்கு எதிரே, எண் என்னைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். அதோ நிற்கிறது பாருங்கள். நான் கண் விழித்ததும் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்ற பிரியம். பகை இருந்தால் செய்வாளா?

நேற்று பக்கத்து வீட்டு அம்மாவை விட்டுத் தகரப் பெட்டியை இறக்கித் தன் துணிகளை அடுக்கிவைத்திருக்கிறாள். பழைய துணியை ஏழைகளுக்குக் கொடுப்பாள், அது அவள் வழக்கம். உங்களை வரச் சொன்னது அவள்தான் என்கிறீர்கள். இருக்கலாம். மனுஷர் முகம் பார்க்க ஆசையாக இருக்கும்.

என்ன சத்தம் அது. ஓ, தூங்கவில்லையா. அழுகிறாளோ. இல்லை, கூப்பிடுகிறாள்.

"எல்லாம் கேட்டாச்சா தம்பி? அப்ப என்னெத் தூக்குங்க. பொறப்படுவோம்."

மொட்டை மாடியைச் சொல்கிறாள். சாயங்காலத்தில் அவளுக்குக் காற்று வேண்டும். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் தம்பி, நான் தூக்குகிறேன். வேறு யார் தொட்டாலும் அவளுக்குப் பிடிக்காது.