கால் சுடாதவள்

“மேல ஏர்கோன், கீழ தரைக்குள்ள அடுப்பு. குளிருதுன்னா ஏர்கோனை அடைச்சுத் தொலையேன் லா—”

“அடைச்சா வேர்க்குதுக்கா. காலு மட்டுந்தான் ஐஸ் மாதிரி—”

“சாக்ஸ் மாட்டு—”

“மாட்டிப் பாத்தாச்சு. எம்மவன் கொரியாவுல இந்த மாதிரித் தரையிலதான்—”

“கொரியாவுல பனி கொட்டுது. பாரோயில என்னா கொட்டுது?”

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் இருக்கும், தம்பி. ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி ஆரம்பிப்பாள். குமுதவல்லி என் கொழுந்தன் பெண்டாட்டி. இருவரும் பெடாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவினோம், இருவரும் தாலியை இழந்தோம். அவள் மகன் தர்மேந்திரன் பாரோயில் வீடு கட்டியபோது, “பெரியம்மாவும் வரட்டும்” என்று என்னையும் கூட்டிவந்தான். நல்ல பிள்ளை. அறிவுதான் கம்மி. தாய்க்குக் கால் குளிர்கிறது என்றால் டாக்டரிடம் காட்டாமல், டைல்ஸுக்கு அடியில் கரண்டுக் கம்பி பதிக்கிறவனை வேறென்ன சொல்ல?

கம்பி பதித்த வீரமுத்து, சுவா என்கிற ஊர்க்காரன். அவன் விளக்கம் சொன்னபோது குமுது சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் கேட்டுக்கொண்டேன்.

“கோளாறு வர்றது முக்காவாசி ஆளுங்களாலதான் பாட்டி. டைல்ஸ்ல ஓட்டை போடாதீங்க, கம்பி அறுந்துடும். மெத்தை, தடிச்ச கம்பளி எதையும் தரை மேல போட்டு மூடாதீங்க. சூடு வெளிய போக வழியில்லாம அடியிலயே ஏறும். முக்கியமா இந்தச் சுவர்ப்பெட்டி. தரைச் சூட்டைப் பாத்து கரண்டை நிறுத்துற மாதிரி வச்சிருக்கேன். காத்துச் சூட்டைப் பாக்குற மாதிரி மாத்திடாதீங்க. ஏர்கோன் குளிருக்கு அது ‘இன்னும் பத்தல’ன்னு நிறுத்தாமக் கொதிக்கவிடும்.”

“மாத்துறது எப்படி?” என்று கேட்டேன். மாற்றாமல் இருப்பதற்காகத்தான் கேட்டேன்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் தேத்தண்ணி கொடுத்தீர்கள், நன்றி. சீனி பத்தாது. பரவாயில்லை.

எங்கள் எஸ்டேட் கோயில் தீமிதியில், பெண்களில் முதலில் இறங்குவது எங்கள் குடும்பத்து மூத்த மருமகளின் உரிமை. அதாவது என் உரிமை. நெருப்பு எனக்குச் சுடும். ஒவ்வொரு வருஷமும் ஓடித்தான் கடந்தேன். போன வருஷம் என் பின்னால் இறங்கிய குமுது ஓடவில்லை. நடுவில் நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மெல்ல நடந்துவந்தாள். “அம்மா அருள் முழுசா இறங்கியிருக்கு” என்றார் பூசாரி. அடுத்த வருஷம் முதல் அடி அவளுக்கே என்று கோயிலில் முடிவானது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அருளாம். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வருகிறவள் அவள். ஒருநாள் சூடான மைலோவை அவள் பாதத்தில் கொட்டினேன். கை தவறி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் சிவந்தது, அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இனிப்புநீர் வியாதி அவள் கால் நரம்பைத் தின்று தீர்த்திருந்தது. அந்த மரக்கட்டைக் காலைத்தான் ஊரே தொட்டுக் கும்பிட்டது.

காப்புக் கட்டினால் தரையில் படுக்க வேண்டும். படுத்தாள், ஏர்கோன் போட்டு, அடுப்பு வைத்த தரையில். பெரிய தவம். மத்தியானம் அவள் அசந்ததும் சுவர்ப்பெட்டியை மாற்றினேன். ஏர்கோனை இன்னும் குளிரவைத்தேன். பாய்க்கு வெளியே டைல்ஸில் கிடந்த இரண்டு குதிகாலுக்கும் மேல் தடித்த கம்பளியைப் போர்த்தி, நாலு பக்கமும் அமுக்கிவிட்டேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்தேன். ஒருமுறை தரையில் கை வைத்துப் பார்த்தேன். உடனே எடுக்க வேண்டியதாயிற்று. அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைக் கட்டிப்போடவில்லை. கதவும் திறந்துதான் இருந்தது. சுட்டால் எழுந்து போயிருக்கலாம்.

குதிகாலில் கொப்புளத்தைப் பார்த்து, “புதுச் செருப்பு கடிச்சிருக்கும்க்கா” என்றாள். மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன். விரதத்தில் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள். நானும் வேண்டாம் என்றேன். மறுநாளும் கம்பளி போர்த்தினேன். அதற்கு அடுத்த நாளும். வாடை வந்தபோது சாம்பிராணி போட்டேன்.

தீமிதிக்கு முந்தின நாள் காய்ச்சலில் விழுந்தாள். இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தீமிதியன்று அவளுக்கு உயிர் இருந்தது. அதனால் எனக்குத் தீட்டு இல்லை. முதல் அடி நான்தான் வைத்தேன். அதன் பிறகுதான் போய்ச் சேர்ந்தாள்.

சுவர்ப்பெட்டியைப் பார்த்த வீரமுத்து தர்மேந்திரனிடம் சொல்லியிருக்கிறான். கெட்டிக்காரன். ஆமாம் தம்பி, மாற்றியது நான்தான், போர்த்தியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதாமல் ஏன் கீழே பார்க்கிறீர்கள்?

“பாட்டி, வலது செருப்பு எங்க? கால்ல என்னா இது, இப்படிச் சீழ் வடியுது?” என்று நீங்கள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்க்கிறேன். செருப்பு உங்கள் போலீஸ் வண்டியிலோ ஸ்டேஷன் வாசலிலோ கழன்றிருக்கும். அது கிடக்கட்டும்.

“இந்த வருஷம் நான் ஓடல தம்பி. நடுவுல நின்னு, கூட்டத்தைப் பாத்துச் சிரிச்சிட்டு, மெல்ல நடந்தேன். கொஞ்சங்கூடச் சுடல. அருள் யாருக்குன்னு இப்பவாச்சும் தெரியுதா?”