நிறுத்திவைக்கும் வசதி

இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளில் ஒரே ஒரு தொல்லைதான் சார். விளம்பரம் வரும். எங்கள் நகர் நலச்சங்கத்தின் இணையதளத்தில் அரட்டை அறை அமைப்பதற்காக நான் முதலில் போட்டுப் பார்த்தது அப்படி ஒன்றைத்தான். சங்கச் செயலாளர் ஜெபராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தட்டினார். திரையின் ஓரத்தில் அரைகுறை உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கண்ணடித்தாள். அவர் மானிட்டரையே அணைத்துவிட்டார்.

"பொம்பளைங்க, பசங்க வர்ற இடம் கேசவன். இது வேணாம்."

இரண்டாவதில் விளம்பரம் இல்லை. ஆனால் அது திறப்பதற்குள் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போய்த் திரும்பிவிடலாம். அதனால்தான் மூன்றாவதுக்கு வந்தோம். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கில் எங்கள் நகரில் ஏழெட்டு வீடுகளில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். சங்க அறையில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்று உறுப்பினர்களுக்கு. இன்னொன்று பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், தளத்தைக் கவனிக்கும் எனக்கு. நான் குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவன். தனி ஆள். மாலையில் வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒன்றும் இல்லாததால் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றாவது மென்பொருளில் ஒரு நல்ல வசதி இருந்தது. யார் எதைத் தட்டினாலும் அது முதலில் நிர்வாகியிடம் வந்து நிற்கும். நிர்வாகி பார்த்து விட்டால்தான் மறுபக்கம் போகும். வேண்டுமென்றால் திருத்தியும் விடலாம்.

"கெட்ட வார்த்தை வந்தா அங்கயே நிறுத்திடலாம் சார்" என்றேன்.

"அப்ப இதான் சேஃப். இதையே போட்ருங்க" என்றார் ஜெபராஜ்.

இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளும் தனியறைக்கும் அந்த வசதி பொருந்தும் என்பதை அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்று எழுதாதீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

புஷ்பலதா அவர்கள் நகரின் கடைசித் தெருவில் குடியிருந்தார். நர்சரி பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. கணவர் தாமோதரன் வளைகுடாவில் வெல்டர். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், கடலுக்குப் போகாமல் தொழில் படித்தவர். தாம்பரத்தில் ஆள் அனுப்பும் அலுவலகம் வைத்திருக்கிற யேசுதாசன்தான் அவரை அனுப்பிவைத்தவர். அந்த வருடம் கம்பெனி அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு புது சைட்டுக்கு மாற்றிவிட்டது. போன் பேச வேண்டுமென்றால் லாரி பிடித்து டவுனுக்கு வரவேண்டும். ஆனால் கேம்ப் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வேலை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் விடுவார்கள்.

நமக்கு இருட்டத் தொடங்கும் நேரம் அது. புஷ்பலதா அவர்கள் பள்ளி விட்டுப் போய் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு சங்க அறைக்கு வருவார். "வரலாங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அண்ணா வேண்டாம், சார் என்றே கூப்பிடுங்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு எதையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தலையை மட்டும் அசைப்பார்.

அவர்கள் பேசியதை நான் படித்தேன். படிக்காமல் எப்படி விடுவது? அதுதானே என் வேலை. தாமோதரனுக்குப் பேசத் தெரியாது சார். "இன்னா புஷ்பா, சாப்ட்டியா? இங்க வெயில் பேஜாரா கீது. தூக்கம் வர்து." அவ்வளவுதான். நாள் முழுக்கக் காத்திருந்து பூ வைத்துக்கொண்டு வருகிற ஒரு பெண்ணுக்கு இதுவா? தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். ஒரு பெருமூச்சு. பிறகு கம்ப்யூட்டரை அணைப்பார்.

ஒருநாள் தாமோதரன் அனுப்பிய வரியோடு நான் ஒரு வரி சேர்த்தேன். "நேத்து கனவுல நீ வந்தே. அங்கயும் தோசையைக் கருக்கிட்டே." தோசை கருகிய கதையைப் புஷ்பலதா அவர்களே முந்தின வாரம் கணவருக்குச் சொல்லியிருந்தார். விட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு. நான் கேட்டேன்.

அதுவரை என் வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் யாரும் சிரித்ததில்லை.

அதன்பிறகு தாமோதரனுடைய வரிகளை ஒழுங்குபடுத்துவது வழக்கமாயிற்று. நல்ல தமிழில் திருத்தினேன். அது தவறு என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. "என்னங்க, நீங்க முன்ன மாதிரி பேச மாட்றீங்க, யாரோ வாத்தியார் பேசற மாதிரி இருக்கு" என்று புஷ்பா எழுதினார். நான் பழைய வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு தாமோதரன் எப்படிப் பேசுவார் என்று படித்தேன். எங்கே இன்னா வரும், எங்கே கீது வரும், கோபம் வந்தால் எந்தச் சொல்லை விடுவார் என்றெல்லாம். பிறகு அப்படியே எழுத வந்துவிட்டது. அவரைவிட நன்றாகவே வந்தது.

ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் திருத்தத்தான் வேண்டும். புஷ்பா அந்தக் கனவுக்குப் பதில் சொன்னால் தாமோதரனுக்கு எந்தக் கனவு என்று தெரியாது. அதனால் அவருக்குப் போகிற வரிகளையும் நான் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றுபோயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே திருப்தியாக இருந்தார்கள் என்பதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். டவுனுக்கு வந்து போன் பண்ணட்டுமா என்று தாமோதரன் கேட்டபோது, "வேணாங்க, குரல் கேட்டா அழுகை வந்துடுது, எழுதினாலே போதும்" என்று புஷ்பா பெயரில் பதில் போட்டேன். அவர் நெகிழ்ந்துபோனார்.

தை மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. "வந்துர்றேன் புஷ்பா. போதும். அப்பன் மாதிரி வலை பின்னியாவது பொழச்சிக்கிறேன்" என்று எழுதினார். நான் அதை நிறுத்திவைத்தேன். அந்த வசதியை அதற்கு முன்பும் பயன்படுத்தியிருக்கிறேன், ஆனால் ஒரு முழு மாலை ஒரு வரியை நிறுத்திவைத்தது அன்றுதான்.

யோசித்துப் பாருங்கள். அவர் வந்துவிட்டால் புஷ்பா சங்க அறைக்கு எதற்கு வரப்போகிறாள்? பழையபடி, சாப்ட்டியா, தூக்கம் வர்து. அவளுக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம். "இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வாங்க, மாடி கட்டி முடிச்சிடலாம்" என்று அவருக்கு எழுதினேன். அவளுக்கு, "கம்பெனி விடமாட்டேங்குது, ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கினு இரு" என்று எழுதினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள். வெகுநேரம் ஆறுதல் சொன்னேன். போகும்போது, "நீங்க இப்படிப் பேசறதாலதான் நான் உயிரோட இருக்கேன்" என்று தட்டிவிட்டுப் போனாள். நீங்கள் வழக்கு என்று சொல்வதற்கு எதிராக நான் சொல்லக்கூடியது இந்த ஒரு வரிதான்.

இனி அந்த வயிற்றுவலி விஷயம்.

சித்திரை வெயிலில் தாமோதரன் ஒருநாள் வலி என்று எழுதினார். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கம் கீழே இறங்கியிருக்கிறது, ஜுரம் அடிக்கிறது, கால் நீட்ட முடியவில்லை. "மேஸ்திரி மாத்திரை குட்த்துட்டு வேலைய பாருன்றான். வண்டி தர மாட்டன்றான். தாம்பரம் போயி யேசுதாசன் சாராண்ட சொல்லு. அவரு கம்பெனிக்கு ஒரு போன் போட்டா வுட்ருவானுங்க."

எனக்குக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதே இடத்தில் அதே வலி வந்து, தாம்பரத்தில்தான் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றில் தழும்பு இருக்கிறது. ஒருநாள் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று டாக்டர் அப்போது சொன்னார். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

தாமோதரனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்து நேராக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் புஷ்பா இருந்தாள். பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆட்டம் மறந்து மேடையிலேயே அழுத கதையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அதற்குப் பதில் எழுதினேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இந்தப் பக்கம் திரும்பி அவருக்கு எழுதினேன்: "சொல்லிட்டேங்க. சார் போன் பண்றேன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு வண்டி வந்துடும். வெந்நி குடிச்சிட்டுப் படுங்க."

"செரி புஷ்பா" என்று வந்தது.

மறுநாள் காலை தாம்பரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. யேசுதாசனுடைய அலுவலக வாசலைத் தாண்டித்தான் போனேன். கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்துவிட்டு நடந்தேன். மாலையில் தாமோதரனிடமிருந்து வந்தது: "வண்டி வரல. நீ சொன்னியா இல்லியா." கேள்விக்குறிகூடப் போடவில்லை. "சொன்னேங்க, வந்துடும்" என்றேன். அதன்பிறகு அவர் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளை மட்டும் விட்டுவிட முடியுமா? தொடர்ந்து பேசினேன். உண்மையைச் சொன்னால் முன்பைவிட எளிதாக இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை, முழுக்க நானே எழுதினேன். அந்த மூன்று வாரம்போல அவள் எப்போதும் பேசியதில்லை. சின்ன வயதில் அண்ணனோடு கிணற்றில் விழுந்தது, கல்யாணத்தன்று பயந்தது, ஒரு பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்பது. நான் ஒரு பெயர் சொன்னேன். நல்லா இருக்கே என்றாள்.

பிறகு ஒரு மாலை யேசுதாசன் சங்க அறைக்கே வந்துவிட்டார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். ஜெபராஜும் கூட வந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"உக்காரும்மா" என்றார் யேசுதாசன். "கம்பெனிலேர்ந்து ஃபேக்ஸ் வந்துச்சு. தாமோதரன்... தவறிட்டாரும்மா. மூணு வாரம் ஆச்சாம். வயித்துல என்னமோ வெடிச்சிருக்கு. பேப்பர் சரி பண்ணிட்டு இன்னைக்குத்தான் சொல்றானுங்க."

"இல்லையே சார்" என்றாள் புஷ்பா. குரலில் பதற்றமே இல்லை. தவறான வீட்டுக்கு வந்துவிட்ட ஒருவரிடம் பேசுவதுபோல் சொன்னாள். "வேற யாரோ. அவரு பேசிட்டு இருக்காரே. இதோ, இப்பக்கூட."

"யாரும்மா?"

"அவருதான் சார். பாருங்க."

யேசுதாசன் குனிந்து திரையைப் பார்த்திருக்க வேண்டும். ஜெபராஜ், "கர்த்தரே" என்று மெல்லச் சொன்னார். பிறகு கீபோர்டின் சத்தம். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம். என் திரையில் வந்தது.

"என்னங்க. எங்க இருக்கீங்க?"

நான் அப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள், ஏன் போகவில்லை என்று. அவ்வளவு மாதங்களில் அவள் கேட்ட ஒரு கேள்வியைக்கூட நான் பதிலில்லாமல் விட்டதில்லை சார். அந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போனால் அவள் தாங்கமாட்டாள். "இங்கதான் கீறேன் புஷ்பா" என்று தட்டினேன்.

நான் தட்டிய சத்தம் பிளைவுட்டைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கிறது.

நாற்காலி நகர்ந்தது. அவள் நடந்து வந்து கதவைத் திறந்தாள். என் திரையைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை அருவருப்பு என்று ஜெபராஜ் உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அதை மட்டும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு நாள் மனம்விட்டுப் பேசியவரை முதல்முறையாக நேரில் பார்க்கும்போது எந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.