எந்த ஜோசப்?

— அப்ப கோயபல்ஸுக்கு என்ன பதில் சொல்றீங்க, மாப்ளே?

— இன்னா மாமா இது! புள்ளைக்கு ஞானஸ்நானம்னு வந்த எடத்துல கோயபல்ஸ இட்டாந்து டீக்கடை பெஞ்சுல குந்த வெக்கறீங்க?

— நான் எங்க கூட்டி வந்தேன்? மே தினக் கூட்டத்துல உங்க தோல் ஷெட்டு முதலாளியை 'கோயபல்ஸ், கோயபல்ஸ்'னு மைக்குல திட்டினது யாரு? அந்த ஆளோட முழுப் பேரு ஜோசப் கோயபல்ஸ். சாமியார்கிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். ஹிட்லருக்குப் பொய் மூட்டை சுமந்தவன். அந்தப் பேரையா என் பேரனுக்கு வைக்கணும்?

— மாமா, இந்தக் கீழ்க்கட்டளைல பாதி பேருக்கு ஜெபம் சொல்லிக் குடுத்த உபதேசியாரு நீங்க. அதோ, இங்கருந்து பாத்தாலே கோயிலுக்குள்ள மொத சுரூபம் சூசையப்பர்தான். சூசையப்பர்னா இன்னா, ஜோசப்புதானே? சாமியே கும்புடாத நான் அந்தப் பேர வெக்கலாங்கறேன். நீங்க வேணாங்கறீங்க. அதுக்குக் கோயபல்ஸ சாட்சிக்குக் கூப்புடறீங்க. நியாயமா பாத்தா நாம ரெண்டு பேரும் எடம் மாறி குந்திகினு கீறோம்.

— சேசுவே... பேர்ல ஒரு குறையும் இல்ல. இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்ங்கறேன், அவ்வளவுதான்.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— ஏன்னா... ஏன்னா உங்க ஸ்டாலினும் ஜோசப்புதானே! நீங்க என்ன, சூசையப்பரை நினைச்சா வைக்கிறீங்க? அந்த மீசைக்காரரை நினைச்சு. சாமியார் என் பேரன் தலையில தண்ணி ஊத்துவார், நீங்க மனசுக்குள்ள செங்கொடி ஏத்துவீங்க.

— கண்டுபுடிச்சிட்டீங்களே! சரி, ஸ்டாலின் வேணாம். யுகோஸ்லாவியா டிட்டோ கீறாரு. அவரு ஜோசிப்பு. அந்த ஊரு வாயில அப்பிடி, நம்ம ஜோசப்புதான்.

— அந்த நாடு துண்டு துண்டா உடைஞ்சு கிடக்கு. ரஷ்யாவுல போன மாசம்தான் கொடியை இறக்கி மடிச்சு வெச்சாங்க. உங்க ஜோசப்புங்க ஆண்ட ஊரெல்லாம் என்ன கதியாச்சுன்னு பேப்பர்ல வருதே, படிக்கலையா?

— படிச்சேன் மாமா. அன்னிக்குச் சோறு எறங்கல. யூனியன் ஆபீசுல நானும் ஒரு பல்லியும் மட்டும்தான் துக்கம் காத்தோம். பல்லி சாயங்காலமே தேறிகினு பூச்சி புடிக்கப் போயிடுச்சு.

— சிரிக்காதீங்க. நான் விளையாடல.

— அரசியலே வேணாம், வுடுங்க. ஆபரேசனுக்கு முன்னாடி கிருமி சாவ மருந்து போடணும்னு உலகத்துக்குச் சொன்ன டாக்டரு, ஜோசப் லிஸ்டர். மெரினாவுல செலையா நிக்கறாரே வீரமாமுனிவர், சீமைலருந்து வந்து தமிழ் கத்துகினவரு, அவரு சொந்தப் பேருலயும் ஒரு ஜோசப்பு கீது. ஒருத்தரு புண்ணக் கழுவினாரு, ஒருத்தரு தமிழப் படிச்சாரு. இதுல இன்னா கொற?

— டீ வாங்கிக்கங்க அய்யா. தோழரே, உங்களுக்குச் சக்கரை தூக்கலா. நடுவுல பூந்து பேசறேன்னு நெனைக்காதீங்க, எங்க ஜனத்துலயும் அது நல்ல பேரு. யூசுபு நபி. அழகுன்னா அவருதான். கூடப் பொறந்தவங்களே கெணத்துல தள்ளிவுட்டும் எகிப்துக்கே அதிகாரி ஆனாரே!

— கேட்டீங்களா மாமா? ஜாபர் பாயும் கை தூக்கிட்டாரு. தீர்மானம் பாஸ்.

— நல்ல நாளும் அதுவுமா கெணத்துல தள்ளின கதைதான் கிடைச்சுதா, பாய்?

— கெணத்துலருந்து மேல வந்தாருன்னுதானே அய்யா சொன்னேன்! நம்ம புள்ளையும் அழகுதான். இப்பதான் உங்க பொண்ணு செல்வமேரி பாப்பா கையிலருந்து வாங்கிப் பாத்தேன். ஏழு மாசத்துல பொறந்ததுன்னு சொன்னா எவன் நம்புவான்? முழு மாசமும் உள்ள இருந்து, சாவகாசமா எழுந்து வந்த மாதிரி கீது, மாஷா அல்லா.

— பாய், பால் பொங்குது பாருங்க!

— பொங்கலயே அய்யா.

— பொங்கப் போகுது. போங்க.

— ஏன் மாமா அவர வெரட்டறீங்க? புள்ள கொழுகொழுன்னு இருந்தா நமக்குப் பெருமைதானே. நான் பொறந்தப்போ எங்கம்மா கங்கையம்மா, பூனைக்குட்டின்னு நெனச்சு ஒரு கொட்டாங்கச்சில பால் ஊத்தப் போச்சாம்.

— பேச்சை மாத்தாதீங்க. இப்ப மணி அடிச்சிடுவாங்க. மிக்கேல்னு வைப்போம். தேவதூதருங்களுக்கே, சம்மனசுகளுக்கே தளபதி.

— மிக்கேலா! ரஷ்யாவுக்குப் பூட்டு போட்டாரே கோர்பசேவ், அவரு பேரு இன்னா? மிகயீல். அந்தப் பேர வெச்சா ஷெட்டுல ஒரு பையன் எனக்கு வணக்கம் சொல்லமாட்டான்.

— அப்ப தோமா. பரங்கிமலை பக்கத்துலயே இருக்கு, கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கற புனிதர். பல்பு கண்டுபிடிச்ச எடிசனும் தாமஸ்தான். மவுண்ட் ரோட்டுல குதிரை மேல உக்காந்திருக்காரே மன்றோ துரை, அவரும் தாமஸ்.

— நீங்களும் ஆள் சேத்துகினுதான் வந்துகீறீங்க! ஆனா தோமா வேணாம் மாமா. சேசு உசுரோட எழுந்துட்டாருன்னு எல்லாரும் சத்தியம் பண்ணிச் சொல்லியும், அவரு காயத்துல வெரல வுட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு நின்ன மனுசன். சந்தேகப்படற பேரு நம்ம வூட்டுக்கு ஒத்து வராது.

— என்ன சொன்னீங்க?

— சந்தேகப்படற பேரு வேணாம்னேன். டீ ஆறுது, குடிங்க.

— தோமா கதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?

— உங்க பொண்ணுதான். புள்ளையத் தொட்டில்ல போட்டுகினு ஒவ்வொரு கதையா சொல்லுது. அவன் தூங்கிடறான். நான் முழிச்சிகினு கேக்கறேன். கட்சில மட்டும் சொல்லிடாதீங்க.

— எல்லாக் கதையும் சொல்லுதா?

— எல்லாக் கதையும்.

— மாப்ளே, நான் கையெடுத்துக் கேக்கறேன். என் பேரையே வைங்களேன், சவுரிமுத்துன்னு. பழைய பேருன்னு தோணிச்சா, உங்க அம்மா ஆசைப்பட்டாங்களே, அந்த ரங்கநாதனைக்கூட வைங்க.

— உபதேசியார் பேரனுக்கு ரங்கநாதனா! எங்கம்மா காதுல வுழுந்தா இன்னிக்கே திருநீர்மலைல போயி அங்கப்பிரதட்சணம் பண்ணும். மாமா, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?

— பண்ணட்டும். சாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். ஜோசப்பு மட்டும் வேண்டாம்.

— இன்னாதான் பயம் உங்களுக்கு? நேத்து நான் இந்தப் பேர எடுத்ததும் நீங்க பாதி சோத்துல எழுந்து பின்பக்கம் போயிட்டீங்க. செல்வமேரி அழுதா.

— அழுதாளா? எதுக்கு?

— நீங்கதானே அவளுக்கு அப்பா. நீங்க சொல்லுங்க.

— எனக்கெப்படித் தெரியும்... பச்சை உடம்பு. பிள்ளை பெத்தவங்க காரணமில்லாம அழுவாங்க.

— நான்கூட ஒரு காரணமும் புரியாம முழிச்சவன்தான் மாமா. நாப்பதத் தொடற வயசு. மண்டைல நாலு முடி. மேல தோல் ஷெட்டு நாத்தம். வேற சாதி, சாமி இல்லாத கட்சி. எனக்கு நீங்களே தேடி வந்து பொண்ணு குடுத்தீங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல தேதி எப்போ, தேதி எப்போன்னு போயி நின்னது நான் இல்ல, நீங்க. கண்ணாடியப் பாத்து நானே கேட்டேன், டேய் குப்புராஜ், உங்கிட்ட அப்பிடி இன்னாடா கீதுன்னு.

— உங்க நல்ல குணத்தைப் பார்த்துத்தான்...

— குணமா! எங்க முதலாளிய ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து சொல்லுங்க. சரி, பேஜாரு வேணாம். மிக்கேலோ, ரங்கநாதனோ, எது வேணா வெச்சிக்கங்க. நீங்க உள்ள போங்க. நான் இங்கயே பாய்கிட்ட இன்னொரு டீ சொல்லிகினு குந்தறேன்.

— ஐயோ, நீங்க வரணும் மாப்ளே! தண்ணித் தொட்டிகிட்ட தகப்பன் நிக்கலைன்னா என்ன ஆகும்? உள்ள முதல் வரிசையில எங்க தெரு ரத்தினபாய் உக்காந்திருக்கா. கல்யாணத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்னு அன்னிக்கே கேட்டவ. பிள்ளையைப் பார்த்துட்டு விரல் விட்டு மாசம் எண்ணறா. நீங்க வெளிய நின்னீங்கன்னா, என் பொண்ணை அவ வாயில நானே தூக்கிப் போட்ட மாதிரி.

— அதான் சொல்றேன். ஜோசப்புன்னா நான் உள்ள வரேன். எந்தச் சாமி வாசப்படியும் மிதிக்காத காலு இது. இன்னிக்கு மிதிக்கும். தொட்டிகிட்ட நிப்பேன், புள்ளைய என் கையிலயே வெச்சிகினு நிப்பேன். வேற பேருன்னா இந்த பெஞ்சுதான்.

— ஒரு பேருக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?

— ஒரு பேருக்கு ஏன் மாமா இத்தன பயம்?

— அய்யா, மணி அடிச்சிட்டாங்க. பாப்பா கோயில் வாசல்ல நின்னுகினு இங்கயே பாக்குது.

— தோ, வரோம் பாய்.

— மாப்ளே, உக்காருங்க, ஒரு நிமிஷம். நான் தோத்துட்டேன். சாமியார் 'பிள்ளைக்கு என்ன பேர்'னு கேக்கும்போது ஜோசப்புன்னே சொல்றேன். ஆனா எந்த ஜோசப்புன்னு நீங்க எனக்குச் சொல்லணும்.

— எதுக்கு?

— ரத்தினபாய் கேப்பா. ஊர் கேக்கும். நான் பதில் சொல்லணும். ஸ்டாலின்தானே? ஸ்டாலின்னு சொல்லுங்க மாப்ளே. டிட்டோன்னாலும் சரி. ஆண்டவர் என்னை மன்னிப்பார், அவங்கள்ல யாராவது ஒருத்தரைச் சொல்லிடுங்க.

— ஒரு கோயில் உபதேசியாரு ஸ்டாலினுக்காகக் கெஞ்சறத எங்க கட்சி ஆளுங்க பாக்கக் குடுத்து வெக்கல, மாமா. கண்ணத் தொடச்சிக்கங்க, அவ பாக்கறா.

— பதில் சொல்லுங்க. எந்த ஜோசப்பு?

— செருப்ப இங்கயே வுட்டுட்டு வரேன், பாய் பாத்துக்குவாரு... ஸ்டாலினும் இல்ல, டிட்டோவும் இல்ல மாமா; நீங்க எனக்குப் பொண்ணு குடுக்கறேன்னு வந்ததுக்கு மொத நாளே செல்வமேரி ஷெட்டு வாசல்ல வந்து நின்னு எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டா, அதனால உங்க தச்சரு சூசையப்பர்தான், புள்ள தன்னுது இல்லன்னு கண்ணாலத்துக்கு முன்னாடியே தெரிஞ்சும் வுட்டுட்டுப் போவாம தூக்கிகினு நடந்தாரே, அந்த ஜோசப்பு.